மலேசியா அத்தையோடு டெல்லியும் ஆக்ராவும்

பிப்ரவரி 4, புதன் – விமான நிலையம், மயூர் விஹார்

கோலாலம்பூர் விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கிவிட்டது. அத்தையும் மாமாவும் அவர்கள் மகளும் வெளியே வருவதற்குத்தான் இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. இமிக்ரேஷன் கூடத்தில் வரிசை பிரித்துவிட நின்ற ஊழியர் மூவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தியப் பாஸ்போர்ட்காரர்களின் வரிசையைக் கைகாட்டியிருக்கிறார். மாமாவும் மரியாதையாகப் போய் நின்றிருக்கிறார். கவுன்ட்டரில் சிவப்பு மலேசியப் பாஸ்போர்ட்டை நீட்டிய பிறகுதான் குட்டு உடைந்தது. திரும்ப இ-விசா வரிசையின் கடைசிக்கு வந்தால், அதற்குள் இன்னொரு விமானத்துக் கூட்டம் முன்னால் நிற்கிறது. போதாக்குறைக்குக் கைரேகைக் கருவி அத்தையின் விரல்களைப் படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது.

"சின்ன வயசுல பால்மரம் வெட்டுன கைம்மா இது, ரேகை எங்க மிச்சம் இருக்கப் போகுது" என்றார் அத்தை, காரில் ஏறியதும்.

அப்பாவின் சித்தப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அவர் மகள்தான் இந்த அத்தை. இருப்பது கிள்ளானில். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறி இறங்கிய கையோடு டெல்லிக்குக் கிளம்பி வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் பலமுறை வந்தவர்களுக்கு வடக்குப் பக்கம் இதுதான் முதல் பயணம்.

வெளிநாட்டிலிருந்து இந்தியா வருகிறவர்களுக்கு என்று எழுதப்படும் யோசனைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் முகமும் அயல்நாட்டுப் பாஸ்போர்ட்டுமாக வந்து இறங்குகிறவர்கள் பாடு தனி. இந்தக் குறிப்புகளை அவர்களுக்காகவும், அவர்களை வீட்டில் தங்கவைக்கப்போகிற என்னைப் போன்ற டெல்லித் தமிழர்களுக்காகவும் எழுதுகிறேன்.

இரவு பதினொரு டிகிரி. கெந்திங் மலைக்குப் போக வாங்கிய மெல்லிய ஸ்வெட்டரைத்தான் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள். டெல்லி வீடுகளில் சுவருக்குள்ளும் குளிர் இருக்கும், ஹீட்டர் வைத்த அறையைத் தாண்டினால் தரை சில்லென்று அடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். பிப்ரவரிதானே, வெயில் காலம் வந்துவிடும் என்று நினைத்துவிட்டார்களாம். என் கணவரின் பழைய ஜாக்கெட் மாமாவுக்குப் போனது. செருப்பில்லாமல் குளியலறைக்குள் காலை வைத்த அத்தை போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சார்ஜர் பிரச்சினை அடுத்தது. மலேசியாவில் ப்ளக்கின் மூன்று கால்களும் தடித்த பட்டைக் கால்கள். இங்கே உருண்டைக் கால்கள். மின்னழுத்தம் ஒத்துப்போகும், ஓட்டைதான் ஒத்துப்போகாது. அடாப்டர் ஒன்றுதான் வந்திருந்தது, போன் நான்கு.

எல்லாரும் படுத்த பிறகு நான் உட்கார்ந்து 'ஃபார்ம் சி' போட்டேன். அயல்நாட்டுப் பாஸ்போர்ட்காரர் ஒருவரைத் தங்கவைத்தால், அது ஓட்டலானாலும் சொந்த வீடானாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரத்த உறவு என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆன்லைனிலேயே முடிகிற வேலைதான்: பாஸ்போர்ட், விசா விவரம், புகைப்படம். "சொந்த அத்தைக்கு எதுக்கு?" என்று கேட்ட உறவினர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்.

பிப்ரவரி 5, வியாழன் – குதுப் மினார், ஜன்பத்

காலையில் பசியாறிவிட்டு (அத்தை வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு) குதுப் மினார். நுழைவுச்சீட்டை முந்தின இரவே ஆன்லைனில் எடுத்துவிட்டேன். இந்தியருக்கு 35 ரூபாய், வெளிநாட்டவருக்கு 550. மாமா கணக்கில் புலி. "எங்க தாத்தா தஞ்சாவூருக்காரரு. டிக்கெட்டு மட்டும் வெள்ளைக்காரன் டிக்கெட்டா?" என்று வாசல் வரை புலம்பினார். ஓசிஐ (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியர் கட்டணம்தான். இவர்களிடம் அது இல்லை. உள்ளூர்க்காரர் மாதிரி இந்தியர் சீட்டிலேயே நுழைந்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. வாசலில் அடையாள அட்டை கேட்டால் என்ன செய்வது? ஐந்நூறு ரூபாய்க்காக அறுபத்தெட்டு வயது மனிதரைக் காவலாளி முன்னால் விழிக்க விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

உள்ளே போனதும் புலம்பல் அடங்கிவிட்டது. 73 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. மேலே ஏற விடுவதில்லை. 1981இல் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்ததிலிருந்து மூடித்தான் கிடக்கிறது. மாமா அதிக நேரம் நின்றது இரும்புத் தூணுக்குப் பக்கத்தில். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் துருவோடு மல்லுக்கட்டியவர். 1,600 வருடமாகத் துருப்பிடித்து அரித்துப்போகவில்லை, இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் மேலே ஒரு படலம் உண்டாகிக் காக்கிறது என்று பலகையைப் பார்க்காமலே எனக்குச் சொன்னார். சுற்றிக் கம்பிவேலி போட்டிருப்பதில்தான் அவருக்கு மனக்குறை.

வெளியே வந்ததும் பணப் பிரச்சினை ஆரம்பமானது. கிள்ளானில் மாமா எல்லாவற்றுக்கும் போனைக் காட்டியே காசு கொடுத்துப் பழகியவர். இங்கே கொய்யாப்பழ வண்டி, மோமோ கடை, செருப்புத் தைப்பவர் என்று எல்லாரிடமும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அவர் ஊர் வாலட் எதிலும் வேலை செய்யவில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் வண்டிக்காரர் கையை விரிக்கிறார். யாரும் ரொக்கம் கொடுப்பதில்லை என்பதால் சில்லறையும் இல்லை. விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், கொடுக்க முணுமுணுப்பார்கள், விடக்கூடாது. வெளிநாட்டினருக்கு 'யூபிஐ ஒன் வேர்ல்ட்' என்று பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும் முன்பண வாலட் ஒன்று இருக்கிறது. தனியாக ஊர் சுற்றுகிறவர்களுக்கு உபயோகப்படும். இவர்களுக்கு நான்தான் வாலட்.

போன் இணைப்பிலும் இதே கதை. மகள் ஊரிலிருந்தே இ-சிம் வாங்கி வந்திருந்தாள். இணையம் வந்தது, ஆனால் இந்திய எண் கிடையாது. சாப்பாட்டு ஆப்பிலிருந்து பலவற்றுக்கும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆளுக்கொரு சிம் வேண்டாம், குடும்பத்தில் ஒருவருக்காவது இங்கத்திய எண் இருந்தால் நல்லது. பாஸ்போர்ட், விசா நகலோடு கொடுத்தாலும் உயிர் வரச் சில மணி நேரம் ஆகலாம்.

அப்புறம் மாமா பாஸ்போர்ட் உறைக்குள்ளிருந்து ரகசியமாக ஆயிரம் ரூபாய்த் தாள்கள் இரண்டை எடுத்தார். 2015இல் ராமேஸ்வரம் போனபோது மிஞ்சியதாம். 2016 நவம்பரில் செல்லாமல் போனதை அவரிடம் சொன்னபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பழைய கைப்பையில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் வைத்திருக்கிறவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள், 2023 மே மாதத்திலிருந்து அதையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைகளில் வாங்க மாட்டார்கள்.

சாயங்காலம் ஜன்பத்தில் சக்கரவள்ளிக்கிழங்கு சாட். தணலில் சுட்ட கிழங்கை உரித்து, இலைத் தொன்னையில் துண்டு போட்டு, கறுப்பு உப்பும் மசாலாவும் தூவி, எலுமிச்சை பிழிந்து, மேலே புளிப்பான நட்சத்திரப் பழத்தை மெல்லிய வில்லைகளாகச் சீவிப் போட்டுக் குச்சி செருகித் தருவார்கள். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். வண்டியில் கண்ணாடிக் கூடைக்குள் ஐந்து மூலைப் பழத்தை அழகாக அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்த அத்தை, "எங்க வீட்டுக் கொல்லையில கீழ விழுந்து கெடக்கும், அள்ள ஆள் இல்ல. இங்க இதுக்கு இம்புட்டு மவுசா?" என்றார். சாப்பிட்டுவிட்டு இன்னொரு தொன்னை கேட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி – ஆக்ரா

கிள்ளான் ஏஜென்ட் போட்டுக்கொடுத்த அட்டவணையில் இன்று காலை தாஜ்மஹால் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் திறக்காது. பக்கத்து மசூதியில் தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. டெல்லியிலிருந்து போகும் கதிமான் எக்ஸ்பிரஸ் கூட அன்று ஓடாது. அட்டவணையைப் போன மாதமே பார்த்து, வெள்ளி மாலை காரில் போய்த் தங்கி சனி விடிகாலையில் பார்ப்பது என்று மாற்றச் சொல்லியிருந்தேன். ஓட்டலையும் அந்த ஏஜென்டே மாற்றிக்கொடுத்தார்.

யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் பகலில் போனோம். குளிர்காலத்தில் அந்தச் சாலையில் விடிகாலையில் போவது ஆபத்து, பனிமூட்டத்தில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிய செய்தி வருடா வருடம் வரும். இருபுறமும் கடுகுப் பூ மஞ்சள். மாமா தூங்கிக்கொண்டே வந்தார்.

ஓட்டலில் வரவேற்பு மேசைப் பையன் பெயர்களைப் பார்த்துச் சிரித்தபடி, "ஆதார் கார்டு?" என்றான். பாஸ்போர்ட்டை நீட்டினோம். சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, வெளிநாட்டினரை நாங்கள் எடுப்பதில்லை என்றான். பெயரைப் பார்த்து 'மதராஸி' என்று நினைத்துவிட்டார்களாம். பணம் கட்டியாகிவிட்டது, கையில் ரசீது இருக்கிறது. மணி ஏழரை. ஃபார்ம் சி போடுவதற்கான பதிவே அந்த ஓட்டலுக்கு இல்லை, விஷயம் அவ்வளவுதான். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒரு வழி சொன்னான்: என் ஆதாரை வைத்து நாலு பேரையும் ஒரே குடும்பமாக எழுதிவிடலாமாம். முடியாது என்றேன். ஏதாவது ஒன்று நடந்து போலீஸ் வந்து ஏட்டைப் புரட்டினால், அங்கே இல்லாத மூணு இந்தியர் இருப்பார்கள்.

அத்தை ஒன்றும் பேசாமல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். "அக்கா, எங்கள உள்ள விடாததுக்குக் காரணம் எங்க பாஸ்போர்ட்டா, மூஞ்சியா?" என்று மகள் கேட்டாள். இரண்டும் பொருந்தாததுதான் என்றேன்.

எங்கள் டிரைவர் மதுராக்காரர், ஐம்பது வயதிருக்கும். நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரையும் கேட்காமல் பெட்டிகளை மறுபடி டிக்கியில் ஏற்றினார். தாஜ் கிழக்கு வாசல் பக்கம் தெரிந்த ஓட்டலுக்குப் போன் போட்டு, முதல் வார்த்தையாக "மலேசியா பாஸ்போர்ட், மூணு பேர்" என்று சொல்லிவிட்டுத்தான் வாடகையைக் கேட்டார். அறைக்கு 3,200 ரூபாய். அங்கே மேனேஜர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் புரட்டி விவரம் ஏற்றி முடிக்கிற வரை எங்களுக்கு இஞ்சி டீ வந்துகொண்டே இருந்தது. டிரைவர் தனியாகக் காசு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காரவும் மறுத்துவிட்டார்.

ஆக, சின்ன ஓட்டல் எடுக்கிறவர்கள் ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டு, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுப்பீர்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். பெயரைப் பார்த்து அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று விடாதீர்கள். முதல் ஓட்டலுக்குக் கட்டிய பணம் திரும்பி வரும் என்று ஏஜென்ட் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 7, சனி – தாஜ்மஹால்

சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே வாசல் திறக்கிறார்கள். நான்கு பேருக்கு 4,150 ரூபாய், அதில் என் பங்கு 250. வெளிநாட்டவருக்கு 1,100, இந்தியருக்கு 50. கல்லறை மண்டபத்துக்குள் போக எல்லாருக்கும் மேலும் 200. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எந்த நாட்டவரானாலும் இலவசம்.

இங்கேதான் மாமாவின் மனத்தாங்கல் தீர்ந்தது. வெளிநாட்டுச் சீட்டுக்குத் தனி வரிசை, கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், காலுக்கு உறை. இந்தியப் பெண்கள் வரிசையில் நான் அவர்கள் கண்ணிலிருந்து மறையும் அளவுக்குப் பின்னால் நின்றேன். அவர் அங்கிருந்து கையாட்டி, "காசு பேசுதும்மா!" என்று தமிழில் கத்தினார்.

சோதனையில் அத்தையின் கோடாலித் தைலம் சிக்கியது. தின்பண்டம், புகையிலை, தீப்பெட்டி எதுவும் உள்ளே போகாது. இது எந்த வகை என்று காவலர் பெண்ணுக்குப் புரியவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார். அத்தை நெற்றியில் தேய்த்துக் காட்டினார். அந்தப் பெண்ணும் ஒரு சொட்டு வாங்கித் தன் நெற்றிப்பொட்டில் தடவிக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். விடிகாலையிலிருந்து நிற்கிறவருக்குத் தலைவலி இருந்திருக்க வேண்டும்.

தாஜ்மஹால் பற்றி நான் புதிதாக என்ன எழுத? லேசான பனியில் முதலில் கோபுரம் மட்டும் தெரிந்தது, பிறகு கீழ்ப்பாதி. சலவைக்கல்லில் பதித்த பூக்களை மகள் விரலால் தடவாமல் மிக அருகே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள், படம் எடுக்கவே மறந்துவிட்டாள். வழிகாட்டி வேண்டுமானால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்து வையுங்கள். "தெற்கு வாசல் வழியா சீக்கிரம் போகலாம்" என்று கூப்பிடுகிறவரை நம்பாதீர்கள், அந்த வழியாக யாரையும் உள்ளே விடுவதில்லை.

ஊர் திரும்பும் வழியில் பேட்டா வாங்கினோம். வெண்பூசணிக்காய்தான், சர்க்கரைப் பாகில் ஊறியது. வழியில் ஒரு வண்டியில் மாமா ஜல்ஜீரா என்கிற சீரகத் தண்ணீர் குடித்தார். நான் தடுத்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு – மலை மந்திர், பங்களா சாஹிப்

மாமாவுக்கு வயிறு. ஓஆர்எஸ் பொட்டலம், மோர்சாதம், ஓய்வு. பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டில் தண்ணீர் குடித்தும் தெருவோர ஐஸிலும் ஜல்ஜீராவிலும் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டுவந்திருந்தார், அது நல்ல காரியம். வேப் என்கிற மின்சிகரெட்டை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். இந்தியாவில் 2019 முதல் அதற்குத் தடை.

அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனோம். 1973இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதர். பத்துமலையின் 272 படி ஏறிய கால்களுக்கு இந்தக் குன்று ஒரு பொருட்டே இல்லை. பிராகாரத்தில் எல்லாரும் தமிழில் பேசுவதைக் கேட்டு, ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக அத்தை முன்பின் தெரியாதவர்களிடம் தானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தார். திருச்சி, பாலக்காடு, காரைக்கால் என்று நாலு குடும்பத்தின் கதை அரை மணியில் தெரிந்துவிட்டது.

பிறகு பங்களா சாஹிப் குருத்வாரா. தலையை மூட வேண்டும், துணி இல்லையென்றால் அங்கேயே தருவார்கள். லங்கரில் தரையில் உட்கார்ந்து சாப்பாடு, யார் வேண்டுமானாலும், காசு கிடையாது. ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். ஒரு கையை நீட்டிய மகளுக்கு முன்னால் நின்ற பெரியவர் கோபப்படவில்லை. அவள் மறு கையைச் சேர்க்கும் வரை புன்னகையோடு காத்திருந்துவிட்டு ரொட்டியை வைத்தார்.

பிப்ரவரி 9, திங்கள் – சாந்தினி சௌக்

திங்கட்கிழமை டெல்லியில் பாதி ஊர் மூடிக்கிடக்கும். செங்கோட்டை, அக்‌ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. கரோல் பாக், லாஜ்பத் நகர், சரோஜினி நகர்க் கடைத்தெருக்களுக்கும் அன்றுதான் வார விடுமுறை. சாந்தினி சௌக்குக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் இன்று அங்கே போனோம். பகலில் முக்கியச் சாலையில் மோட்டார் வண்டி வராது. நடை அல்லது சைக்கிள் ரிக்‌ஷா.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கினாரி பஜாரில் சரிகைக் கரையும் குஞ்சமும் தேடி மூன்று மணி நேரம். கடைக்காரர் சொன்ன விலையை மகள் மனதுக்குள் ரிங்கிட்டாக்கி "மலிவுதானே" என்று தலையாட்டிவிடுவாள். அத்தை அவள் காலை மிதித்துவிட்டுப் பாதியிலிருந்து ஆரம்பிப்பார். இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், விரலையும் புருவத்தையும் வைத்தே 1,800 ரூபாய்ப் பொருளை 1,050க்குக் கொண்டுவந்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருந்தால் 1,300தான் ஆகியிருக்கும்.

தெருமுனையில் தௌலத் கி சாட். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூவும் கோவாவும் பொடித்த சர்க்கரையும். வாயில் வைத்ததும் காணாமல் போய்விடுகிறது. குளிர் விட்டால் இதுவும் கிடைக்காது.

பிப்ரவரி 10, செவ்வாய் – வழியனுப்பு

டெல்லி விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே சிஐஎஸ்எஃப் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப்பார்ப்பார். கோலாலம்பூரில் கவுன்ட்டர் வரை குடும்பமே போய் நிற்கும் வழக்கம். அத்தை நான் கூட வருவேன் என்று நினைத்து என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து வைத்திருந்தார். வாசலில் அவசர அவசரமாகக் கை மாறியது. மிஞ்சிய ரூபாயைத் திரும்ப மாற்ற முதலில் மாற்றியபோது கொடுத்த ரசீதைக் கேட்டார்களாம். மகள் பத்திரமாக வைத்திருந்தாள்.

இரவு மாமாவின் தம்பியிடமிருந்து செய்தி: பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே கடைசியில் வருகிறது, அப்போது டெல்லிக்கு வரலாமா? மே மாதம் 45 டிகிரி வரை போகும், அனல் காற்று அடிக்கும், பிள்ளைகளுக்கு ஆகாது, நவம்பரில் புகை, பிப்ரவரி, மார்ச்தான் தோது என்று விளக்கமாக எழுதினேன். விசாவை அரசுத் தளத்தில் மட்டும் எடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய, பிரிண்ட் எடுத்துக் கையில் வையுங்கள் என்பதையும் சேர்த்தேன்.

"ரொம்ப நன்றிம்மா, மே வேணாம். ஜூன்ல வந்துடுறோம்" என்று பதில் போட்டிருக்கிறார்.